லிவர்பூல் பீட்டில்ஸ் நோம்பிக்குப் போய்ட்டு வந்தேனுங்க (போற யோசனை இருக்கற கொங்கு ஆளுக படிங்க)

பேட்லாக்_திருப்பூர்

வணக்கமுங்க. நாலு வருசமா இங்க படிக்கறதோட சரி, இன்னைக்குத்தான் மொத இழை. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

போன ஆகஸ்ட் கடைசியில இங்கிலாந்துல இருக்கற லிவர்பூல் போயிருந்தேன். ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோன்னு நாலு பேரு சேந்த பீட்டில்ஸ் பாட்டுக் குழுவோட ஊரு அது. வருசா வருசம் அங்க பீட்டில்ஸ் வாரம்னு ஒண்ணு நடக்குது. வீட்டுல சொன்னது "பையர் மீட்டிங்". பொய்யில்லீங்க, நமக்குப் பனியன் யாவாரம், மான்செஸ்டர்ல சரக்கு வாங்கற ஒரு பையரப் பாத்தேன். ஒன்றர மணி நேரம். மிச்ச அஞ்சு நாளும் இதுதான். இப்ப வீட்டுக்காரிக்கும் தெரிஞ்சு போச்சு, அதான் தைரியமா எழுதறேன்.

நம்ம பேச்சுல சொல்லோணும்னா அது நோம்பியேதான், திருவிழா. இருபது நாட்டுக்கு மேல இருந்து பேண்டுக வருது. பிரேசில்காரன், ஜப்பான்காரன், சுவீடன்காரன், எல்லாம் பீட்டில்ஸ் போட்ட அதே கோட்டு, அதே முடி, அதே பாட்டு. பகல்ல பத்து எடத்துல, ராத்திரில இருபது எடத்துல பாட்டு. ஞாயித்துக்கெழம மட்டும் ஊர் நடுவுல ஒரு பழைய பெரிய ஓட்டல்ல கன்வென்ஷன். ஒரு ஹால்ல பழைய ஆளுகளோட பேச்சு, ஒரு ஹால்ல படம், கீழ சந்த. ரெக்கார்டு, பேட்ஜ், போஸ்டர், பனியன், அந்தக் காலத்து டிக்கெட் கிழிசல் வரைக்கும் விக்கறாங்க. நடுராத்திரி தாண்டியும் ஆட்டம் ஓயல.

எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்ச கதையக் கேட்டா சிரிப்பீங்க. 1996, எனக்கு 17 வயசு, ஒரு பிரிண்டிங் யூனிட்ல டேபிளுக்கு ஹெல்பர். கருப்புத் துணி, வெள்ளக் கலர் ஒண்ணே ஒண்ணு. நாலு தல. கண்ணு மூக்கு கூட இல்ல, சட்டியக் கவுத்த மாதிரி முடி மட்டும். ஒன்றர ஷிப்ட் முடியறப்ப ஆயிரத்துக்கு மேல அடிச்சிருப்போம். "இது யாருங்கண்ணா"ன்னு மேஸ்திரியக் கேட்டேன். "எவனோ வெள்ளக்காரன், நீ ஸ்கிரீனத் தொடைடா"ன்னாரு. அந்தச் சம்பளத்துல கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் போயி ஒரு கேசட் வாங்குனேன். இங்கிலீசு ஒரு அட்சரம் புரியல. புரியாமயே ஒரு வருசம் கேட்டேன்.

அதுக்கப்பறம் இந்த இருவத்தி சொச்சம் வருசத்துல இதப்பத்திப் பேச ஒரு ஆளு கெடைக்கல எனக்கு. கம்பெனில "அண்ணனுக்கு வெள்ளக்காரப் பாட்டு"ன்னு கிண்டல், அவ்வளவுதான். அந்தக் குறைக்குத்தான் போனேன்னு வெச்சுக்கோங்க.

கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்.

சிங்காநல்லூர்_மைக்செட்

அண்ணா, கணக்குக் கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. நாலு பேர்ல ஜான் போனது 1980, ஜார்ஜ் போனது 2001. மிச்ச ரெண்டு பேரும் அங்க வரல. அப்ப நீங்க பாத்தது பூரா டூப்பு! டூப்பப் பாக்க எத்தன லட்சமாச்சு?

நாங்க போனி எம் டிஸ்கோ குழுவோட ஆளுக. எங்கப்பா மைக்செட்டுல அந்தப் பிளேட்டப் போட்டா கல்யாண ஊட்டுல பந்தி பரிமாறுறவன் கூட ஆடுவான். செலவே இல்ல.

ஆழியாறு_அம்மணி

ரொம்ப நாளாக எனக்கும் ஆசை. மூன்று கேள்வி. விசா எப்படி எடுத்தீர்கள்? பொம்பளை தனியாகப் போனால் சரிவருமா? நான் முட்டை கூடத் தொட மாட்டேன், சாப்பாட்டுக்கு என்ன வழி?

பேட்லாக்_திருப்பூர்

மொதல்ல அக்காவுக்கு. விசிட்டர் விசா, கொச்சில குடுத்தேன். பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி ரிட்டர்ன், போற காரணம். காரணத்துல ரெண்டையும் எழுதுனேன், மீட்டிங்கும் பீட்டில்சும். மறைக்காதீங்க. பிளைட்டு கொச்சி–துபாய்–மான்செஸ்டர், எனக்கு 74 ஆயிரம். மான்செஸ்டர் ஏர்போர்ட்ல இருந்து லிவர்பூலுக்கு ரயிலு. லிவர்பூல்லயே ஜான் லெனன் பேர்ல ஒரு ஏர்போர்ட் இருக்குது, ஆனா நம்ம பக்கத்துல இருந்து போறவங்களுக்கு மான்செஸ்டர்தான் தோது. ரூமுதான் கொல்லும். ஆகஸ்ட் கடைசித் திங்கக்கெழம அவங்களுக்கு அரசு லீவு, அந்த வாரத்துக்கு வெல ஏறிரும். ஆறு மாசம் முந்தியே போடுங்க. மொத்தத்துல எனக்கு ரெண்டே கால் லட்சம் ஆச்சு.

தனியா வந்த பொம்பளைக எக்கச்சக்கம், பாதிப் பேரு அறுவது தாண்டுனவங்க. பயமே வேண்டாம். சாப்பாட்டுக்குக் கடைல சைவம்னு எழுதியே வெச்சிருக்கான். நான் பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, ஒரு சின்ன பாட்டல் நெய் கொண்டு போனேன். சூடு பண்ற சாத பாக்கெட்டு எல்லாக் கடைலயும் கெடைக்குது. பொழுதோட ரூமுக்கு வந்து பெசஞ்சு சாப்பிட்டுட்டு மறுபடியும் கெளம்பிருவேன்.

இப்ப மைக்செட் தம்பிக்கு.

தம்பி, நம்மூர்ல பொன்னர் சங்கர்ங்கற அண்ணன் தம்பி கதைய, அண்ணமார் சாமி கதைன்னு உடுக்கையடிச்சுப் பாடறாங்களே, பாடறவரு பொன்னரா, சங்கரா? நம்ம பங்காளிதான். நேத்து பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து வந்தவரு. ஆனா ராத்திரி மூணு மணிக்கு அவங்க செத்து உழுகற படுகளம் பாடறப்ப கூட்டத்துல பத்துப் பேரு அருள் வந்து உழுகறாங்களே, "நீ டூப்பு"ன்னு அப்ப யாராவது சொல்றாங்களா? கதை எல்லாத்துக்கும் மனப்பாடம். யாரு சாவாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் போயி உக்காருறோம்.

அங்கயும் அதேதான். பிரேசில்ல இருந்து வந்த பசங்க, மூத்தவனுக்கே முப்பது இருக்காது. கடசிப் பாட்டுக்கு எனக்கு முன்னால நின்ன பெரியவரு தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுட்டு நின்னாரு. அவரு பாத்துட்டிருந்தது அந்தப் பசங்கள இல்லீங்க.

அப்பறம் டூப்புன்னு நீங்க வாயத் தொறக்கலாமா? உங்க போனி எம்ல சட்டையக் கழட்டி ஆடுவாரே பாபி ஃபாரல், ரெக்கார்டுல அவரு பாடவேயில்ல. அந்த ஆம்பளக் கொரலு தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன்து. அவரே சொன்னது.

சிங்காநல்லூர்_மைக்செட்

அய்யோ அண்ணா, இத எங்கப்பாகிட்டச் சொல்லிறாதீங்க 😂 மனுசன் ஒடஞ்சிருவாரு.

கோபி_அட்டாலி

தம்பிக்கு வாழ்த்துகள். எனக்கு வயது 74. கோபிச்செட்டிபாளையம் பக்கம், விவசாயம். சின்ன வயதில் இருந்து ரெக்கார்டு சேர்க்கிற பழக்கம் உண்டு.

லிவர்பூலுக்கு ரெண்டே கால் லட்சம் செலவழிக்க முடியாதவர்கள் ரிஷிகேசம் போகலாமே? நான் போனேன். 1968 பிப்ரவரியில் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தார்கள். அந்த இடம் பல காலம் காடாகக் கிடந்தது. 2015ல் வனத்துறை திறந்து விட்டது, டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். முட்டை வடிவத்தில் கல் குடில்கள், இடிந்த மண்டபம், சுவரெல்லாம் சித்திரம்.

ரிங்கோவுக்கு வயிறு ஆகாது என்று ஒரு பெட்டி நிறைய டின் மொச்சை கொண்டு வந்தார். பத்து நாளில் கிளம்பியும் விட்டார். அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கிப் போட்டிருந்தால் இருந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். ஜானும் ஜார்ஜும்தான் ஏப்ரல் வரை தாக்குப் பிடித்தார்கள்.

ஒரே குறை, அங்கே நான் போன அன்று என்னைத் தவிர இரண்டு குரங்குகள்தான் இருந்தன.

பேட்லாக்_திருப்பூர்

ஐயா, நீங்க கடைசில சொன்னதுதான் விசயமே. எடத்தப் பாக்கறது வேற, ஆளுகளப் பாக்கறது வேற. மொத நாளு ஒரு காபிக் கடைல உக்காந்துட்டு ஒரு பாட்ட மூக்குக்குள்ளயே முனகிட்டிருந்தேன். அடுத்த டேபிள் ஜப்பான்காரரு கீழ்க்குரல் எடுத்துச் சேந்துக்கிட்டாரு. அவருக்கும் எனக்கும் பேச ஒரு பொதுப் பாஷை கெடையாது. பாட்டு முடிஞ்சதும் தலைய ஆட்டிட்டு அவரு பேப்பரப் படிக்கப் போய்ட்டாரு. எனக்கு அந்த ஒரு நிமிசத்துக்கே பிளைட்டுக் காசு செரியாப் போச்சுங்க.

நோம்பின்னு நான் சும்மா சொல்லல. ஜானும் பாலும் மொதமொதல்ல சந்திச்சதே ஒரு சர்ச் நோம்பியிலதான். 1957 ஜூலை 6, வுல்டன்கற பக்கம், செயின்ட் பீட்டர்ஸ் சர்ச். ஜானுக்கு 16, பாலுக்கு 15. ஜான் அன்னைக்கு அங்க பாட வந்த பையன், பால் வேடிக்க பாக்க வந்த பையன். டூர் பஸ்ஸு அங்கயும் நிக்குது.

பீட்டில்ஸ் ஆரம்பத்துல பாடுன கேவர்ன் கிளப்பப் பத்தி யாரும் கேக்கல, நானே சொல்லிர்றேன். மேத்யூ ஸ்ட்ரீட், சந்து மாதிரி. படி எறங்கிட்டே இருக்கோம், அடியில செங்கல் வளைவு. 1961 பிப்ரவரி 9ல இருந்து 1963 ஆகஸ்ட் 3 வரைக்கும் முந்நூறு தடவைக்குப் பக்கம் அங்க பாடியிருக்காங்க. பாதிக்கு மேல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல! ஆபீஸ் புள்ளைக சாப்பாட்டு மணிக்கு ஓடி வந்து கேட்டுட்டுப் போவாங்களாம். சரக்கு லைசென்ஸ் கெடையாது, சூப்பும் கலரும்தான். ஆனா இப்ப இருக்கறது அந்தக் கிளப்பு அப்படியே இல்ல. 1973ல சுரங்க ரயிலுக்குக் காத்துப்போக்கி கட்டறோம்னு மூடி இடிச்சுட்டாங்க. காத்துப்போக்கிய மட்டும் கட்டவேயில்ல. 1984ல அதே எடத்துல ஒரு பாகத்த எடுத்து, பழைய செங்கல்லயும் போட்டு மறுபடிக் கட்டுனாங்க. நம்மூர்ல நடக்கற கூத்து எல்லா ஊர்லயும் நடக்குது.

கன்வென்ஷன்ல ஒரு பாட்டி பேசுனாங்க. அந்த மத்தியான ஆட்டத்துக்குப் போன டைப்பிஸ்ட். வேர்வ, பினாயிலு, அழுகுன பழம், எல்லாம் கலந்த வாசம் துணில ஒட்டிக்குமாம். ஆபீசுக்குள்ள நொழையறப்பவே மானேஜருக்குத் தெரிஞ்சிருமாம், எங்க சாப்பிட்டுட்டு வர்றான்னு. எனக்கு டையிங் சாயப்பட்டறைல வேல பாத்துட்டு பஸ் ஏறுன காலம் நெனப்பு வந்துருச்சு. பக்கத்து சீட்டுல ஒருத்தனும் உக்கார மாட்டான்.

ஆழியாறு_அம்மணி

சந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே என்ன வாங்கினீர்கள்?

பேட்லாக்_திருப்பூர்

அங்கதானுங்க ஒரு வம்பு.

ஒரு கடைல 1970கள்ல வந்த பனியன்னு ஒண்ணு தொங்குச்சு. 85 பவுண்டு. ஒம்பதாயிரத்துக்கு மேலன்னு வெச்சுக்கோங்க. பிரிண்டெல்லாம் வெடிச்சு, கலர் வெளிறி, பாக்க அப்படித்தான் இருந்துச்சு. ஒரு சின்னப் பையன், இருவது வயசு இருக்கும், காச எண்ணிட்டு நிக்கறான். எனக்குக் கை சும்மா இருக்காதே. கீழ் மடிப்ப எடுத்துத் திருப்புனேன். வெளிய ரெண்டு வரித் தையலு, உள்ள பின்னல் மாதிரி நூலு. சாட்சாத் பேட்லாக். என் பேரே அதுதான்.

அந்தக் காலத்துப் பனியனுக்குக் கீழ் மடிப்பு, கை மடிப்பு எல்லாம் ஒத்தத் தையல்லதான் வரும். 1990களுக்கு நடுவுலதான் ரெட்ட ஊசி எல்லா எடத்துக்கும் வந்துச்சு. பிரிண்ட வெரல்ல தடவிப் பாத்தேன். வெடிப்பு பூராவும் ஒரே அளவுல இருக்குது. தொவச்சுத் தொவச்சு வெடிச்சா அக்குள் பக்கம் ஒரு மாதிரி, வயித்துப் பக்கம் ஒரு மாதிரி வெடிக்கும். இது கிராக் பிரிண்ட். பேஸ்ட் போட்டு, சூடு காட்டி, நாமளே வெடிக்க வெக்கறது. பையர் "இன்னும் கொஞ்சம் பழசாக் காட்டுங்க"ன்னு சேம்பிளத் திருப்பி அனுப்புவான். நானே எத்தன லட்சம் பீஸ் அனுப்பிச்சிருக்கேன்!

பையன்கிட்ட மெதுவா, "தம்பி, இது பழசில்ல"ன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொல்லி மடிப்பக் காட்டுனேன். அவன் காச பாக்கெட்டுல வெச்சுட்டான். கடைக்காரரு என்னப் பாத்த பார்வை இருக்குதே!

நொய்யல்கரை

அண்ணா தப்புப் பண்ணிட்டீங்க. யாவாரத்துல மூக்க நொழைக்கறது நம்ம வழக்கமில்ல. அந்த மனுசனுக்கே அது புதுசுன்னு தெரியாம வாங்கி வெச்சிருந்தா?

ஆழியாறு_அம்மணி

என்ன தப்பு? அந்தப் பையன் சேர்த்து வைத்த காசாக இருக்கும். எங்கள் வீட்டில் இளநீர் யாவாரம். முத்தலை இளசு என்று சொல்லி வெட்டிக் கொடுத்தால் வாங்குபவர் சும்மா போவாரா?

நொய்யல்கரை

இளநீரக் குடிச்சாத் தெரிஞ்சிருமுங்க்கா. பனியன் அப்படியா? அவன் பழசுன்னே நெனச்சுப் போட்டுட்டுத் திரிஞ்சிருந்தா அவனுக்கும் சந்தோசம்தான்.

பேட்லாக்_திருப்பூர்

நொய்யல் சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. ரவைக்குப் படுக்கறப்ப எனக்கும் உறுத்துச்சு. கடைக்காரரு முப்பது பவுண்டுன்னு சொல்லியிருந்தா நானே கம்முனு போயிருப்பேன்.

ஆனா அந்த வம்புலதான் ஒரு நல்லது நடந்துச்சு. எதுத்த ரெக்கார்டு கடை தாத்தா இதப் பாத்துட்டுக் கூப்புட்டாரு. "எந்த ஊரு?" இந்தியான்னேன். துணிக்காரன்னு தெரிஞ்சதும் அவருக்கு ஒரே குஷி. பாலோட அப்பா ஜிம் மெக்கார்ட்னி லிவர்பூல் பஞ்சு எக்ஸ்சேஞ்சுல பஞ்சு விக்கற ஆளு, தெரியுமான்னாரு. தெரியாதுங்க எனக்கு! இத்தன வருசம் கேட்டும் அது காதுல உழுகல. பகல்ல பஞ்சு யாவாரம், ராத்திரில சொந்தமா ஜாஸ் பேண்டு வெச்சு வாசிச்சவராம் அந்த மனுசன். நம்ம கோயமுத்தூர் மில்லுக்காரங்க வீட்டுப் பையனாட்ட நெனச்சுக்கிட்டேன் பால. மனசுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டாரு.

அப்பறம் அந்தத் தாத்தா கொரல எறக்கி ஒண்ணு கேட்டாரு: "உங்கூர்ல 78 இருக்குதா?"

கோபி ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கறேன்.

கோபி_அட்டாலி

தெரியும் தம்பி. இங்கிலாந்தில் 1960 வாக்கிலேயே நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் ரெக்கார்டு நின்று விட்டது. பீட்டில்ஸ் வந்தபோது அங்கே எல்லாம் 45, 33தான். நம் நாட்டில் கரண்ட் இல்லாத வீடுகள் ஏராளம், சாவி கொடுக்கிற கிராமபோன்தான். அதனால் கல்கத்தா டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாட்டையும் அரக்கு 78 ஆகவே அடித்தார்கள். கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடையும். மிச்சம் இருப்பது சொற்பம், அதனால்தான் வெள்ளைக்காரர்கள் தேடுகிறார்கள்.

என் தாய்மாமன் வால்பாறை எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். துரைமார்கள் ஊருக்குக் கிளம்பும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு பெட்டி கிராமபோனும் ரெக்கார்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அட்டாலி (பரண்) மேல் ஏற்றி முப்பது வருடம் ஆகிறது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. நாளை வெடியால பேரனை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

சிங்காநல்லூர்_மைக்செட்

ஐயா, இருந்தா எத்தன ரூவாய்க்குப் போகும்?

கோபி_அட்டாலி

முதலில் இருக்கிறதா பார்ப்போம் தம்பி.

ஆழியாறு_அம்மணி

ஐயா, என்ன ஆயிற்று? இரண்டு நாளாகச் சத்தமே இல்லை.

கோபி_அட்டாலி

மன்னிக்கவும், எலி கடித்த அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகத் துடைக்க நேரம் ஆகிவிட்டது. நாற்பத்தி இரண்டு ரெக்கார்டு. முக்கால்வாசி ஆங்கில டான்ஸ் பேண்டு. நான்கு உடைந்து கிடந்தன. முப்பத்தி ஒன்றாவதாக ஒன்று வந்தது. பார்லஃபோன் கம்பெனி லேபிள், மேட் இன் இந்தியா, நடுவில் தி பீட்டில்ஸ். ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு விரிசல், பாட்டு ஆரம்பிக்கிற இடத்துக்கு வரவில்லை.

பேரன் உடனே போனை எடுத்து விலை தேடப் போனான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிராமபோன் ஸ்பிரிங் சுற்றுகிறது. ஊசிதான் இல்லை. இருந்த டப்பி துருப்பிடித்து விட்டது.

பேட்லாக்_திருப்பூர்

ஐயா!!! கை நடுங்குதுங்க எனக்கு.

துருப்புடிச்ச ஊசியப் போட்றாதீங்க, அரக்கச் சொரண்டிரும். ஸ்டீல் ஊசி ஒரு பக்கத்துக்கு ஒண்ணு மாத்தோணும். அந்தத் தாத்தா கடைல ஒரு டப்பி புது ஊசி வாங்கிட்டு வந்தேன், எதுக்குன்னே தெரியாம, டப்பி அழகா இருக்குதேன்னு. அதுதான் நான் அங்க வாங்குன ஒரே சாமான்.

பொங்க நோம்பி கழிஞ்ச ஞாயித்துக்கெழம கோபிக்கு வர்றேன். வர்றவங்க கை தூக்குங்க.

ஆழியாறு_அம்மணி

நான் வருகிறேன். இளநீர் கொண்டு வருகிறேன். இளசு.

நொய்யல்கரை

நானும். ஐயா, உங்க வீட்டுல சைவமா?

கோபி_அட்டாலி

அன்றைக்கு அரிசியும் பருப்பும் சாதம்தான். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், வீட்டில் அரிசி ஊறப்போட வேண்டும்.

சிங்காநல்லூர்_மைக்செட்

ஐயா நானும் எங்கப்பாவும் ரெண்டு பேரு. மைக்செட் வேணுமான்னு அப்பா கேக்கறாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன்.